துணியில் பூத்த பூ: பூவேலை நெசவின் வரலாறு

பட்டுச் சேலையின் முந்தானையில் ஓர் அன்னம் நிற்கிறது. அதனை எவரும் துணியின்மேல் தீட்டவில்லை. ஊசிகொண்டு தைக்கவும் இல்லை. துணி பிறக்கும்போதே அன்னமும் உடன் பிறந்தது. நெடுக ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளுள் எவ்வெவ் விழை எந்த நேரத்தில் மேலெழ வேண்டும், எவ்வெவ் விழை கீழே தங்க வேண்டும் என்பதை யாரேனும் ஒருவரோ ஏதேனும் ஒன்றோ நினைவில் வைத்திருந்தால்தான் அன்னம் அன்னமாக வரும். ஓரிடத்தில் பிசகினால் அதன் கழுத்து முறிந்துபோகும்.

அந்த நினைவு எங்கே இருந்தது? விரலிலா, நூலிலா, அட்டையிலா, எழுத்திலா? இந்த ஒரு வினாவைப் பற்றிக்கொண்டு சென்றால், பூவேலை நெசவின் நீண்ட வரலாறு நமக்குத் தெளிவாக விளங்கும். நினைவு இடம் மாறிய ஒவ்வொரு முறையும் சிலர் வாழ்ந்தனர், சிலர் வேலையிழந்தனர், சில கலைகள் மறைந்தன என்பதும் அவ்வரலாற்றிலேயே புலப்படும்.

முதலில் நெசவின் அடிப்படையைச் சற்று நோக்குவோம். தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டப்படும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே நாடாவில் வைத்துச் செலுத்தப்படும் இழை ஊடை எனப்படும். பாவிழைகளுள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதியை உயர்த்தி, இடையே உண்டாகும் வாயில் ஊடையைச் செலுத்தி, அச்சினால் அடித்து நெருக்கினால் சாதாரண நெசவு கிடைக்கும். அடுத்த முறை மற்றப் பாதி எழும். இதற்கு இரண்டே நிலைகள் போதும். பாவிழைகளைத் தாங்கும் விழுதுகளை இரண்டு சட்டங்களில் கோத்துவிட்டு மாற்றி மாற்றி உயர்த்தலாம். நினைவுக்கு இங்கே வேலை குறைவு.

பூவேலை அப்படியன்று. அடித்தளத் துணியை நெய்துகொண்டே, அதனிடையே வேறோர் ஊடையைச் சரிகையாகவோ வண்ண நூலாகவோ சில இடங்களில் மேலே தோன்றச் செய்தும் சில இடங்களில் மறைத்தும் செலுத்த வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எழ வேண்டிய இழைகள் வேறுபடும். நூறு வரி உயரமுள்ள பூவுக்கு நூறு வெவ்வேறு கட்டளைகள் வேண்டும்.

விரலில் இருந்த நினைவு

இக்கட்டளைகள் முதலில் மனிதரின் விரல்களில்தாம் இருந்தன. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலேசியக் கிழக்குக் கரையின் திரங்கானு, கிளந்தான் மாநிலங்களில் மலாய்ப் பெண்கள் நெய்யும் சொங்கெட் துணியே சான்றாகும். பட்டு அல்லது பருத்தி அடித்தளத்தின்மேல் பொன்னிழையை ஊடையாகச் செலுத்திப் பூ உண்டாக்குவது இதன் முறை. இழையை நெம்பி எடுத்தல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லிலிருந்து சொங்கெட் என்னும் பெயர் வந்தது என்பர். பெயரிலேயே தொழிலின் நுட்பம் அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் அரசவையினர் உடுத்திய இத்துணியை மணமக்கள் இன்றும் உடுத்துகின்றனர். யுனெஸ்கோ நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் சொங்கெட்டை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சொங்கெட் நெய்பவர் பாவிழைகளை மூன்று, ஐந்து என எண்ணி எண்ணி மெல்லிய குச்சியால் பிரித்தெடுக்கிறார். ஒவ்வொரு பூவுக்கும் ஒவ்வொரு முறையும் இப்படி எண்ணுவதென்றால் வாழ்நாள் போதாது. ஆகையால் ஒருமுறை எண்ணிப் பிரித்த இழைகளைத் தனித்தனி நூல் வளையங்களால் கட்டிவைத்துவிடுகிறார். பிறகு அவ்வளையங்களைத் தூக்கினால் வேண்டிய இழைகள் தாமே எழும். விரலில் இருந்த நினைவு இவ்வாறு நூலுக்குச் செல்லத் தொடங்குகிறது. பூவேலை நெசவின் இரண்டாம் படி இதுவே.

நூலில் தங்கிய நினைவு

இந்த இரண்டாம் படியை மிகப் பழங்காலத்திலேயே பெரிய பொறியாக வளர்த்தவர் சீனர். சீனாவின் செங்டு நகரில், லாவ்குவான்சான் என்னுமிடத்தில், 2012, 2013 ஆம் ஆண்டுகளில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டியபோது நான்கு சிறு தறி மாதிரிகள் கிடைத்தன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை பூவேலைக்கு உரிய தறிகளின் மாதிரிகள் என ஆய்வாளர் கண்டனர். பூவைத் தறியிலேயே பதித்து வைக்கும் வித்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை.

பின்னாளில் பெருகிய இழுப்புத் தறியில் நெசவாளர் கீழே அமர்ந்திருப்பார். அவருக்குத் துணையாளர் ஒருவர் இருப்பார். பூவின் ஒவ்வொரு வரிக்கும் உரிய நூல்கள் ஒரு கொத்தாகக் கட்டப்பட்டிருக்கும். துணையாளர் அக்கொத்துகளை வரிசைப்படி இழுக்க, நெசவாளர் ஊடையைச் செலுத்துவார். பூ முழுவதும் அந்தக் கயிற்றுக் கொத்துகளில் உறங்கிக்கொண்டிருக்கும்.

காஞ்சிபுரத்தில் இதற்கு ஒப்பான அமைப்பு ஒன்று உண்டு. அதனை ‘அடை’ என்பர். பூவுக்குரிய இழைகளை நூலால் கட்டித் தறியின்மேல் தொங்கவிட்டு, வரிக்கு வரி தூக்கி நெய்வது அதன் வழி. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வை நெசவிலும், முந்தானைக்கு வேறு பாவைப் பிணைக்கும் பெட்னி முறையிலும் புகழ்பெற்ற அவ்வூர் நெசவாளர், அடை கட்டுவதைத் தனி வித்தையாகவே போற்றினர். அடையைப் பார்த்தவுடன் அதில் மயில் இருக்கிறதா, உருத்திராட்சம் இருக்கிறதா என்று சொல்லத்தக்கவர் அத்தொழிலில் ஊறியவர் மட்டுமே. மற்றவர் கண்ணுக்கு அது வெறும் நூல் முடிச்சு.

தமிழில் நூல் என்பது இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நன்னூல் பாயிரம், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் அறிவைக் கதிராகவும் வைத்து, இலக்கிய நூல் உருவாகும் வகையை உவமித்திருப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். அடையைப் பொறுத்தவரை அது உவமையன்று, நேர்ப்பொருளே. அங்கே நூலே நூலாக இருந்தது. ஆனால் அந்நூலைப் படிக்கத் தெரிந்தவர் குறையக் குறைய, அதில் எழுதியிருந்ததும் மறையத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கருவி அடையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அக்கருவி பிறந்த ஊருக்கு இனிச் செல்வோம்.

அட்டைக்குச் சென்ற நினைவு

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பட்டு நெய்யும் உரிமையை 1536-ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னன் வழங்கினான். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அந்நகர் ஐரோப்பாவின் பட்டுத் தலைநகராயிற்று. அங்கும் இழுப்புத் தறிதான். கயிறு இழுக்கும் வேலையைச் சிறுவரும் பெண்களும் செய்தனர். நாள் முழுவதும் உடலை வளைத்துப் பாரமான கயிறுகளை இழுப்பது மிகக் கொடிய உழைப்பு. இழுப்பவர் ஒரு கொத்தை மாற்றி இழுத்துவிட்டால் பூ கெடும், கூலியும் கெடும்.

இந்த இழுப்பை ஒழிக்கப் பலர் முயன்றனர். 1725-ஆம் ஆண்டில் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட தாள்சுருளைக் கொண்டு எந்தக் கயிற்றை இழுப்பது என்பதைத் தீர்மானிக்கலாம் எனக் காட்டினார். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும்; இல்லாத இடத்தில் தடைபடும். 1728-இல் ஃபல்கோன் என்பவர் தாள்சுருளை விட்டுவிட்டு, துளையிட்ட அட்டைகளைச் சங்கிலிபோல் கோத்துப் பயன்படுத்தினார். இம்முறையில் ஓர் அட்டை பழுதுபட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். எனினும் இழுக்க ஆள் வேண்டியிருந்தது.

தானே இயங்கும் வாத்துப் பொம்மையைச் செய்து புகழ்பெற்ற வோகன்சோன், 1741-இல் அரசின் பட்டுத்தொழில் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். அவர் சார்ந்திருந்த புதிய தொழில்விதிகள் வணிகருக்கே சாதகமானவை என்று கொதித்தெழுந்த லியோன் நெசவாளர், 1744-இல் பெருங்கலகம் செய்தனர். வோகன்சோன் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் இழுப்பாள் வேண்டாத தறி ஒன்றைச் செய்தார். ஆயினும் அது தொழிலில் பரவாமல் காட்சிப்பொருளாகவே நின்றுவிட்டது.

இவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் யோசப் மரி ஜக்கார்டு. லியோன் நகரில் 1752-ஆம் ஆண்டில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். 1801-இல் பாரிசுக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். பாரிசில் வோகன்சோனின் பழைய தறியை ஆராய்ந்து, ஃபல்கோனின் அட்டைச் சங்கிலியையும் அதனுடன் இணைத்து, 1804-இல் தம் கருவியை நிறைவு செய்தார். நெசவாளர் மிதியை ஒருமுறை மிதித்தால் அட்டைகளுள் ஒன்று முன்வரும். அதன் துளைக்கு நேரே உள்ள கொக்கிகள் எழும். அக்கொக்கிகளில் கட்டிய பாவிழைகளும் எழும். ஓர் அட்டைக்கு ஒரு வரி என்பது கணக்கு. கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை மீண்டும் வரும். பூவும் மீண்டும் மலரும்.

ஜக்கார்டு இதனைத் தனியொருவராகப் படைத்தார் எனப் பாடநூல்கள் சில எழுதுவதுண்டு. அது முழு உண்மையாகாது. முன்னோர் மூவரின் உழைப்பு அதில் கலந்திருக்கிறது. பின்வந்த பிரெத்தோன் போன்றவர்கள் திருத்திய பிறகே அது தொழிற்கூடங்களில் தடையின்றி இயங்கியது. இன்னொரு தவறான கருத்தும் உண்டு. 1831-ஆம் ஆண்டில் லியோன் நெசவாளர் செய்த புகழ்பெற்ற கிளர்ச்சி இக்கருவியை எதிர்த்து எழுந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கூலிக்காக எழுந்த கிளர்ச்சி. நெய்த துணிக்குக் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளப்பட்டதை வணிகர் சிலர் ஏற்க மறுத்தமையே அதன் காரணம். 1834-இல் மீண்டும் ஒரு கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டிலேயே ஜக்கார்டு மறைந்தார்.

இக்கருவியால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. கயிறு இழுத்த சிறுவர்கள் அந்தத் துன்பத்திலிருந்து விடுபட்டனர். ஆனால் அவ்வேலையால் கிடைத்த சிறு கூலியும் அக்குடும்பங்களுக்கு நின்றது. உயரமான அக்கருவியை வைப்பதற்கென்றே லியோனின் குருவா ரூசுக் குன்றில் கூரை உயர்ந்த வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை இன்றும் காணலாம். பூவின் நினைவு நெசவாளரின் வீட்டிலிருந்து அட்டை துளைப்பவரின் கூடத்துக்குச் சென்றது. நெசவாளர் பூவை அறியாமலே பூ நெய்யலாம் என்ற நிலை முதன்முதலாக ஏற்பட்டது.

அட்டையின் ஆற்றல் துணியோடு நிற்கவில்லை. 1839-ஆம் ஆண்டில் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தனர். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அதன் படி ஒன்றை ஆங்கிலக் கணித அறிஞர் சார்லசு பாபேசு தம் வீட்டில் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு அவர் அதே அட்டை முறையைத் தேர்ந்தெடுத்தார். அப்பொறியைப் பற்றி 1843-இல் எழுதிய ஏடா லவ்லேசு அம்மையார், அதன் கணித வேலையைப் பூவும் இலையும் நெய்யும் ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே ஹோலரித் எண்ணி முடித்தார். இன்றைய கணினியின் முன்னோர் வரிசையில் ஒரு தறியும் இருக்கிறது என்பதை மாணவர்க்குச் சொன்னால் அவர்கள் வியப்பர்.

எழுத்தில் காக்கப்பட்ட நினைவு

பூவைக் காக்க இன்னொரு வழியும் இருந்தது. அது எழுத்து. செருமனியின் உல்ம் நகரில் மார்க்சு சீக்ளர் என்னும் நெசவாளர் 1677-ஆம் ஆண்டில் ஒரு நூலை அச்சிட்டார். எந்த இழையை எந்தச் சட்டத்தில் கோப்பது, எந்த வரிசையில் மிதிப்பது என்பவற்றைக் கோடுகளாலும் குறிகளாலும் காட்டிய முதல் அச்சு நூல்களுள் அது ஒன்று. இசைக்குச் சுரக்குறிப்பு எப்படியோ, அப்படி நெசவுக்கு இக்குறிப்பு.

அமெரிக்காவில் குடியேறிய நெசவாளர் இத்தகைய குறிப்புகளை நீண்ட தாள்துண்டுகளில் எழுதி வைத்துக்கொண்டு, கம்பளியும் பருத்தியும் கலந்த படுக்கை விரிப்புகளை நெய்தனர். 1820-களுக்குப் பின் ஜக்கார்டு கருவி அந்நாட்டிலும் புகுந்தது. தொடர்ந்து ஆலைத் துணியும் பெருகியது. வீட்டுத் தறிகள் பரணுக்குச் சென்றன. எனினும் தாள்துண்டுகள் பல அழியாமல் தப்பின. அவற்றையும் பழைய விரிப்புகளையும் ஆராய்ந்து, மேரி மெய்க்சு அட்வாட்டர் என்னும் பெண்மணி 1928-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மறைந்த முறைகள் பல அதன்வழி மீண்டும் தறிக்கு வந்தன.

அவ்வாறு மீண்டவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ‘கோடையும் குளிர்காலமும்’ எனப் பொருள்படும் பெயருடையது அது. ஒரு பக்கம் வெளிர் நிறமும் மறுபக்கம் கரு நிறமும் மிகுந்திருப்பதால் அப்பெயர். இதனைப் புதிதாகப் பழகுவோர் மேசைத் தறியில் முயல்வது வழக்கம். மேசைத் தறி என்பது மேசைமேல் வைக்கத்தக்க சிறு மரத்தறி. அதற்கு மிதி இல்லை. நான்கு அல்லது எட்டு விழுதுச் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கைப்பிடியால் உயர்த்தலாம்.

பூவேலையில் எப்போதும் ஓர் இடர் உண்டு. பூவுக்குரிய ஊடை பல இழைகளைத் தாண்டிப் பிடிப்பின்றி நீண்டால், அது மோதிரத்திலும் நகத்திலும் சிக்கி அறும். இந்த நெசவு அந்த இடரை அழகாகத் தீர்க்கிறது. பாவிழைகளை நான்கு நான்காக அணி வகுத்துக்கொள்வர். முதல்வகை அணியின் இழைகளை 1, 3, 2, 3 என்ற வரிசையில் சட்டங்களில் கோப்பர். இரண்டாம் வகை அணிக்கு 1, 4, 2, 4 என்பது வரிசை. 1, 3 ஆகிய சட்டங்களை உயர்த்தி வண்ண ஊடையைச் செலுத்தினால், முதல்வகை அணியில் அது ஓரிழையின் மேல் மட்டும் சென்று பெரும்பாலும் அடியில் மறையும். இரண்டாம் வகை அணியிலோ மூன்று இழைகளின் மேல் பாய்ந்து நிறம் காட்டும். அடுத்த வண்ண ஊடைக்கு 2, 3 ஆகிய சட்டங்கள் எழும். இடங்களை மாற்ற விரும்பினால் 3-க்குப் பதிலாக 4-ஐ உயர்த்த வேண்டும். ஒவ்வொரு வண்ண ஊடைக்கும் அடுத்து, 1, 2 சட்டங்களை ஒருமுறையும் 3, 4 சட்டங்களை மறுமுறையுமாக உயர்த்தி, மெல்லிய நூலால் சாதாரண நெசவு நெய்வர். எங்கும் வண்ண ஊடை மூன்று இழைக்கு மேல் தாண்டாது.

இதில் அடங்கிய கணக்கும் சுவையானது. நான்கு சட்டங்களை எழுப்பியும் விட்டும் 16 நிலைகள் உண்டாக்கலாம். எல்லாம் எழுவதும் எல்லாம் தங்குவதும் பயன்படா; எஞ்சியவை 14. எட்டுச் சட்டத் தறியில் இரண்டைக் கட்டுக்கு ஒதுக்கினால் ஆறு பூவுக்குக் கிடைக்கும். ஒரே வரியில் 64 வகையாக நிறத்தை வைக்கலாம். மிதித்தறியில் எந்தச் சட்டங்கள் எந்த மிதிக்கு என்று முன்னரே கட்டிவிட வேண்டும். மேசைத் தறியில் வரிக்கு வரி புதிதாகத் தீர்மானிக்கலாம். வேகம் குறைவுதான், நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடிகளை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஒரு பூவைச் சோதிக்க நூற்றுக்கணக்கான அட்டைகளைத் துளைக்கத் தேவையில்லை. ஒரு சாண் அகலத் துணியில் முயன்று பார்த்து, தவறினால் பிரித்து, மீண்டும் நெய்யலாம். கோத்ததில் ஓரிழை மாறியிருந்தால் நீளம் முழுவதும் ஒரு கோடாகத் தோன்றி அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

வரலாறு உரைப்பது

விரல், நூல், அட்டை, எழுத்து என்னும் நான்கனுள் எது சிறந்தது என்று கேட்பது பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. விரலின் நினைவு நுட்பமானது. ஆனால் ஆளோடு மறையும். அடையின் நினைவு உறுதியானது. ஆனால் முடிச்சைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். அட்டை விரைவைத் தந்தது. அறிவை நெசவாளரிடமிருந்து வாங்கிக்கொண்டது. எழுத்து மட்டும் நூறாண்டு பரணில் கிடந்தாலும், கற்றவர் ஒருவர் எடுத்துப் பார்த்த அன்றே மீண்டும் தறிக்கு வந்தது. அவ்வாறு வந்தபோது அதனைச் சோதித்துப் பார்க்கச் சிறியதொரு தறியும் தேவைப்பட்டது.

தமிழகத்திலும் இத்தகைய மீட்சிக்கு முயன்றோர் உளர். சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1937-ஆம் ஆண்டில் கலாசேத்திரத்தில் நெசவுப் பகுதியைத் தொடங்கி, பழைய சேலைகளின் கரைகளையும் நிறங்களையும் மீண்டும் நெய்யச் செய்தார். அங்கே பழஞ்சேலையே ஏடாகப் பயன்பட்டது. ஆனால் கட்டியவர் மறைந்தபின் எழுதிவைப்பாரின்றி அவிழ்க்கப்பட்ட அடைகள் எத்தனையோ! அவற்றில் இருந்த பூக்கள் திரும்ப வரப்போவதில்லை.

நம் வீடுகளிலும் பாட்டியின் கூறைச்சேலை ஒன்று பெட்டியின் அடியில் இருக்கக்கூடும். மடிப்பில் பட்டு நொறுங்கத் தொடங்குமுன், அதன் ஒரு புட்டாவை உருப்பெருக்காடியின் கீழ் வைத்து, மேலோடும் இழைகளை எண்ணி, மாணவரின் கணக்கேட்டுக் கட்டங்களில் கறுப்பும் வெள்ளையுமாகக் குறித்துவைக்கலாம். இதனைப் பள்ளி மாணவரே செய்ய இயலும். கணக்கும் கைத்தொழிலும் மரபும் ஒரே பக்கத்தில் அவர்களுக்குப் பாடமாகும். அந்தக் கட்டத்தாள் ஒன்று இருந்தால், பின்னொரு நாளில் எவரேனும் ஒரு மேசைத் தறியில் அப்பூவை மீண்டும் மலர்விப்பர்.